ஐந்தாண்டுச் சான்றிதழும் 56 கிலோமீட்டர் மண்பாதையும்

காட்டுப்பாதையில் ஓட்டிப்போய்க் கூடாரம் போட ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கப்போகிறேன் என்று சிங்கப்பூரில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, “இங்கே காடு எங்கே இருக்கு?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் பாசிர் ரிஸ் பூங்காவிலும் அனுமதி வாங்கிக் கூடாரம் போடலாம். ஆனால் காரைத் தார் போட்ட நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். புலாவ் உபினுக்கோ சாங்கியில் படகு ஏற வேண்டும். ஆகவே இங்கே வாங்கும் ஃபோர் வீலுக்கு உண்மையான வேலை தொடங்குவது கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். 1924ல் திறக்கப்பட்ட அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்தில் நெரிசல் என்று வானொலியில் அறிவித்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே நெரிசலில் போய் நிற்கிற ஆள் நான். அதனால் கார் தேடும் படலம் தொடங்கியபோதே, எது வாங்கினாலும் அது பாதி நேரம் பாலத்தில் நின்றுகொண்டிருக்கும் என்பது தெரிந்துதான் இருந்தது.

எங்கள் வீடு தேக்கா பக்கம். பஃபலோ ரோட்டில் கீரையும் வாழைப்பூவும் வாங்குகிற நம்மில் பலருக்கு அந்தச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசிக்க நேரம் இருப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் மாட்டு வியாபாரத்தால் வளர்ந்தது. ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மலாயில் எருமைத் தொழுவம். கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே மாட்டு வணிகம் செய்த யூதரான பெலிலியோஸின் பெயர்தான் இன்றைய பெலிலியோஸ் ரோட்டில் இருக்கிறது. நம் ஊரில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்து வயது பார்ப்பார், சுழி பார்ப்பார், கொஞ்சம் நடக்கவிட்டு நடை பார்ப்பார். அதன்பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேச்சு. சிங்கப்பூரில் பழைய கார் வாங்குவதும் இதே முறைதான். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே சுழி காரின் உடம்பில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

அந்தக் காகிதம், 1990 மே மாதம் நடப்புக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ். சிஓஇ என்றால்தான் நமக்குச் சட்டென்று புரியும். புதிய காருக்கு 10 ஆண்டு. அது முடிந்ததும் காரைக் கழித்துவிடலாம், அல்லது கடந்த மூன்று மாதங்களின் சராசரிக் கட்டணத்தைக் கட்டி இன்னொரு 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம், அல்லது அதில் பாதி கட்டி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். 5 ஆண்டு எடுத்தால் அதோடு சரி. மறுபடி புதுப்பிக்க முடியாது, வண்டி நல்ல நிலையில் இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவுக் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது நினைவிருக்கும். இந்த நிலையில், நம்மைப்போன்ற குடும்பங்களின் கைக்கு எட்டுகிற ஃபோர் வீல்கள் பெரும்பாலும் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டவை. அப்படிப் புதுப்பித்த காரைக் கடைசியில் கழிக்கும்போது, கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் சலுகையும் கிடையாது.

ஆக, விலைச்சீட்டைப் பார்க்காதீர்கள். விலையை மீதமுள்ள மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 60,000 வெள்ளிக்கு 60 மாதம் மீதமுள்ள கார் என்றால் மாதம் 1,000 வெள்ளி. காப்புறுதி, சாலை வரி, பெட்ரோல், நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். பக்கத்தில் 45,000க்கு நிற்கும் காருக்கு 30 மாதம்தான் மீதம் என்றால் அதுதான் விலை அதிகமான கார். கடன் வாங்குவதாக இருந்தால், காரின் திறந்தசந்தை மதிப்பு 20,000 வெள்ளி வரை என்றால் வாங்கும் விலையில் 70 விழுக்காடும், அதற்கு மேல் போனால் 60 விழுக்காடும்தான் உச்சவரம்பு. மீதியைக் கையிலிருந்து போட வேண்டும்.

இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியபோது என் கணவர் இன்னொரு வகுத்தல் போட்டார். “ஆண்டுக்கு எத்தனை தடவை கேம்பிங் போவோம்? ஆறு? அப்படின்னா ஒரு தடவைக்கு 2,000 வெள்ளி. அந்தக் காசுக்குப் பினாங்குல கடலைப் பார்த்த மாதிரி அறை எடுக்கலாம்.” இதற்கு உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. காரைப் பார்ப்பதற்கு முன்னால் பாதையை ஒருமுறை பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

எங்கள் மனத்தில் இருந்த பாதை, ஜோகூரின் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போவது. குளுவாங்குக்கும் மெர்சிங்குக்கும் இடையே கஹாங் என்று ஓர் ஊர். அங்கிருந்து பூங்காவின் வாசலான கம்போங் பெத்தாவுக்குச் சுமார் 56 கிலோமீட்டர். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் ஊடே போகிற, சாதாரண கார்களுக்கு ஆகாது என்று பூங்காவே எச்சரிக்கிற பாதை. ஆண்டு இறுதிப் பருவமழைக் காலத்தில் மூடிவிடுவார்கள். நாங்கள் என் அண்ணனின் சாதாரண காரில் புறப்பட்டு, குளுவாங் ரயில்நிலையத்தில் 1938லிருந்து நடக்கும் காப்பிக்கடையில் பசியாறிவிட்டு, கஹாங்கில் காரை நிறுத்தி, அங்கே ஏற்பாடு செய்திருந்த பழைய ஹைலக்ஸில் ஏறினோம். ஓட்டியவர் கம்போங் பெத்தாவைச் சேர்ந்த ஜக்கூன் பூர்வகுடிக்காரர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும்.

அந்த இரண்டு மணிநேரம் எனக்கு எந்தக் கார் வியாபாரியும் சொல்லித்தராத பாடம். வண்டியில் பளபளப்பான எதுவும் இல்லை. கூரை விளக்கு இல்லை, முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு இல்லை. ஆனால் டயர்கள் புதியவை. ஒரு பெரிய குட்டை வந்ததும் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, குச்சியால் ஆழம் பார்த்து, ஓரமாக நடந்து போய்த் திரும்பி வந்தார். பிறகுதான் ‘ஃபோர் லோ’ கியரைப் போட்டார். வழி முழுக்க அந்தக் கியரைத் தொட்டது இரண்டே இடத்தில். ஃபோர் லோ என்பது வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கித் தரும் இரண்டாவது கியர்த் தொகுதி. சேற்றிலும் செங்குத்தான சரிவிலும் வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் திமிறாமல் ஊர்ந்து போக அதுதான் உதவும். நம் ஊரில் ‘எஸ்யூவி’ என்று விற்கப்படும் கார்கள் பலவற்றில் அது கிடையாது. பார்க்க உயரமாக இருக்கும், இயக்கம் முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான். அவற்றைக் குறை சொல்லவில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட அது போதும்.

இரவு ஆற்றோரம் கூடாரம். கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. எங்கள் மகளுக்கு எட்டு வயது. வீட்டில் விளக்கை அணைத்தால் அழுகிறவள், அன்று டார்ச்சை அவளாகவே அணைத்துவிட்டு, இருட்டில் கேட்கிற சத்தங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று வரை வந்தது. திரும்பும்போது கடற்பாலத்தில் வழக்கமான நெரிசல். பின்னிருக்கையில் அவள் தூங்கிக்கொண்டிருக்க, என் கணவர் மெதுவாகச் சொன்னார்: “இவளுக்கு அஞ்சு வருஷத்துல பதிமூணு. அதுக்கப்புறம் நம்ம கூட வருவாளான்னு தெரியாது.” பினாங்கு அறைப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. புதுப்பித்த சான்றிதழில் மிச்சமிருக்கும் ஐந்தாண்டு போதுமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

அதன்பிறகு வார இறுதியெல்லாம் கார்ச் சந்தைகள்தான். ஒரு காலத்தில் புக்கிட் தீமா டர்ஃப் சிட்டிக்குப் போனால் ஒரே மாலையில் ஐம்பது கார் பார்க்கலாம். 2023 முடிவோடு அந்த இடத்தின் குத்தகை முடிந்தது. இப்போது ஊபி, காக்கி புக்கிட், சின் மிங், கிராஞ்சி கேரோஸ் சென்டர் என்று அலைய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அனுபவம். கேள்வி கேட்பது நான், பதில் போவது என் கணவருக்கு. அவருக்கு ஓட்டுநர் உரிமமே இல்லை. மூன்றாவது கடையில் அவரே அலுத்துப்போய், “வண்டி அவங்களுக்கு, எனக்கு நாசி லெமாக் மட்டும் போதும்” என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

பார்ப்பதற்கு எங்களுடன் வந்தவர் ஒரு மெக்கானிக் அண்ணன். ஜோகூர் பாருவிலிருந்து தினமும் அதிகாலையில் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர். வெள்ளைவெளேரென்று மெருகேற்றிய ஒரு பிராடோ முன்னால் நான் வாயைப் பிளந்து நின்றபோது, “தங்கச்சி, மேல பாக்காதீங்க. மேல எல்லாம் பாலிஷ். கீழ பாருங்க” என்று சொல்லிவிட்டு அட்டையை விரித்துப் படுத்துவிட்டார். அடிச்சட்டத்தில் புதிதாகக் கறுப்பு மை அடித்திருந்தது. அவருக்கு அதுவே முதல் சந்தேகம். பழைய வண்டியின் அடிப்பக்கத்துக்கு யாரும் அழகுக்காக மை அடிப்பதில்லை, துருவை மறைக்கத்தான் அடிப்பார்கள். மெர்சிங் பக்கம் கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு நன்னீரில் கழுவாமல் விட்ட வண்டியின் சட்டம் உள்ளிருந்தே அரித்துப்போகும் என்றார்.

பிறகு பின்னிருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். நுனியில் ஒரு சாண் அளவுக்குக் காவி நிறக் கறை. கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கினால் அடியில் மாவு மாதிரி நைசான வண்டல். “இது மழைத்தண்ணி இல்ல. ஆத்துத்தண்ணி உள்ள வந்திருக்கு.” தண்ணீருக்குள் மூழ்கி எழுந்த வண்டியில் டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்க்கவேண்டுமாம். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் வடிக்கச் சம்மதிக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை, கிளம்பிவிட்டோம்.

வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூரில் இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. பத்தாண்டாக ஆர்ச்சர்ட் ரோட்டைத் தாண்டாத ஃபோர் வீல்கள். அவற்றில் ஃபோர் லோ கியரை ஒருவரும் ஒருமுறைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். நெம்பியே அசையாது, அல்லது விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். அதனால் ஓட்டிப்பார்க்கும்போது சரளைக்கல்லோ புல்தரையோ உள்ள இடமாகத் தேடி, நேர்கோட்டில் மெதுவாக, டூ வீல், ஃபோர் ஹை, ஃபோர் லோ மூன்றையும் போட்டுப் பாருங்கள். தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டுத் திருப்பாதீர்கள், பழைய வகை வண்டிகளில் அது கியர்பெட்டியை முறுக்கிவிடும். ஜிம்னி போன்றவற்றில் முன்சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையான மூட்டில் கிரீஸ் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் படபடவென்று ஆடினால் அந்தப் பக்கத்தில்தான் கோளாறு இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. பூக்கள் தேயாமல் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம், ரப்பருக்கும் வயதாகும்.

கடையில் வாங்கினால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டத்தின் பாதுகாப்பு பழைய காருக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, காரின் வயதுக்கேற்ற தேய்மானமாக இல்லாவிட்டால், விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் அந்தச் சட்டம் வராது. உயரம் கூட்டிய சஸ்பென்ஷன், கம்பித் தடுப்பு, கூடுதல் விளக்கு என்று மாற்றம் செய்த வண்டியென்றால், நிலப் போக்குவரத்து ஆணைய விதிகளோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். “பல வருஷமா இப்படித்தான் ஓட்டுறோம்” என்பது அனுமதி ஆகாது. 10 ஆண்டைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, அங்கே மாட்டிக்கொள்வது புதிய உரிமையாளர்தான்.

சரி, எந்த வண்டி? இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு, ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். பெற்றோரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துப்போகிறவர்களுக்குத்தான் பிராடோ, பஜேரோ. மற்றவர்களுக்கு அது சுமை. 2.7 லிட்டர் பிராடோவுக்குச் சாலை வரி ஆண்டுக்குச் சுமார் 2,026 வெள்ளி. 10 ஆண்டு தாண்டிய காருக்கு அதன்மேல் ஆண்டுக்கு 10 விழுக்காடாகக் கூடி 50 விழுக்காடு வரை கூடுதல் வரி வரும்போது அது 3,000ஐத் தாண்டும். 1.3 லிட்டர் ஜிம்னிக்குச் சுமார் 583 வெள்ளி, முழுக் கூடுதல் வரியோடு சேர்த்தாலும் 900க்குள். பிராடோவின் நீளம் ஏறக்குறைய 4.8 மீட்டர், நம் கார் நிறுத்துமிடக் கட்டமும் 4.8 மீட்டர்தான். உயரம் கிட்டத்தட்ட 1.9 மீட்டர். கூரைமேல் கூடாரப்பெட்டி வைத்தால் உங்கள் புளோக்கின் பலமாடி நிறுத்துமிட வாசலில் தொங்கும் உயரக் கம்பி இடிக்கும். அந்தக் கம்பியில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டுக் கார்ச் சந்தைக்குப் போங்கள்.

குடும்பமாகப் போகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு ஃபோர் லோ தேவையே இல்லை என்பது என் எண்ணம். தேசாரு, மெர்சிங் கடற்கரை, குனோங் லேடாங் அடிவாரம் எல்லாவற்றுக்கும் சாதாரண காரே போகும். மழைபெய்த தோட்டப் பாதை வரை போக, 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் நான்கு சக்கர இயக்கமும் உள்ள சுபாரு ஃபாரஸ்டர் தாராளம். கூடாரம், அடுப்பு, குளிர்ப்பெட்டி எல்லாம் உள்ளே அடங்கும். நாங்கள் மூன்றே பேர். கம்போங் பெத்தா போன்ற பாதை ஆசை விடவில்லை. 1998 முதல் 2018 வரை வந்த பழைய வடிவ ஜிம்னி ஒன்றை எடுத்தோம். தனித்த அடிச்சட்டம், ஃபோர் லோ, 3.7 மீட்டருக்கும் குறைந்த நீளம். விற்றவர் அதில் மாதம் ஒருமுறை ஜோகூருக்கு மீன்பிடிக்கப் போன ஓய்வுபெற்ற ஆசிரியர். எண்ணெய் மாற்றிய தேதியெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அண்ணன் அரைமணி நேரம் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, “சத்தம் இருக்கு, பொய் இல்ல” என்றார். குறை இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலையில் 100ஐத் தொட்டால் பேசுவது கேட்காது. பின்னிருக்கையைப் போட்டால் சாமான் வைக்க ஒரு கைப்பை இடம்தான்.

இவ்வளவு பழைய வண்டியா என்று கேட்டவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட்ரோவர்களில் புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். அதில் ‘ஆக்ஸ்ஃபர்ட்’ என்ற வண்டி, பல ஆண்டுகள் கழித்து அட்லாண்டிக் கடலின் செயின்ட் ஹெலினா தீவில் சிதைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. பழுதுபார்த்து, 2019 ஆகஸ்டில் இதே சிங்கப்பூரிலிருந்து கிளம்பி லண்டனுக்கே ஓடியது. அன்றைய பயணக்குழுவைச் சேர்ந்த டிம் ஸ்லெஸ்ஸரும் இந்தப் பயணத்தில் போக இருந்தார். உடல்நலக் குறைவால் அவருக்குப் பதில் பேரன் போனார். 60 வயதைத் தாண்டிய வண்டியால் கண்டம் தாண்ட முடிந்ததற்குக் காரணம், ஸ்பேனரோடு உட்கார்ந்தால் கழற்றி மாட்டக்கூடிய எளிய அமைப்பு. எங்கள் ஜிம்னியிலும் மின்னணுச் சமாச்சாரம் குறைவு. வழியில் நின்றாலும் குளுவாங்கிலோ கஹாங்கிலோ ஒரு பட்டறையில் கைவைக்க ஆள் கிடைக்கும்.

பாலம் தாண்டுவதற்கான காகித வேலையில் இரண்டைப் பழைய கார் வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வில்லை முந்தைய உரிமையாளர் பெயரில் இருக்கும். அவர் அதை நீக்கிய பிறகு நீங்கள் புதிதாகப் பதிய வேண்டும். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து வில்லை இல்லாத காருக்கு 300 ரிங்கிட் அபராதம். இரண்டாவது, எரிபொருள் முள். முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூரைவிட்டு வெளியேறக் கூடாது என்பது தெரிந்த விதி. பழைய வண்டியில் முள் கோளாறு என்றால் சோதனைச்சாவடியில் யாரும் உங்கள் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் ரோன் 95 நமக்கு இல்லை, 97தான். காப்புறுதி பொதுவாக மேற்கு மலேசியாவையும் தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கிலோமீட்டரையும் அடக்கும். ஆனால் சாலையல்லாத பாதையில் சிக்கினால் இழுத்துவர யார் காசு கொடுப்பது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாமான் வாங்க வேறெங்கும் போகவில்லை. கயிறு, கொக்கி, மண்வெட்டி ஜாலான் புசார் இரும்புச் சாமான் கடையில். டார்ச், எவர்சில்வர் டிபன் கேரியர் முஸ்தஃபாவில். ரிங்கிட்டும் அங்கேயே மாற்றியாயிற்று. தேக்காவில் ரவை, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. முதல் தடவை கட்டிய மூட்டையில் பாதி வண்டிக்குள் ஏறவில்லை. இரண்டு மடக்கு நாற்காலியையும் பெரிய குளிர்ப்பெட்டியையும் திரும்ப வீட்டுக்குத் தூக்கிப்போனோம். மகள் தன் பக்கத்து இருக்கையில் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறாள், இருட்டில் கேட்கிற சத்தங்களை எழுதுவதற்கு. முதல் பக்கத்தில் பதினொன்று இருக்கிறது.